ஆறு மணி நேர உலோகம்

வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங் வட்டாரத் தோட்டங்களில் இருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. எழுதியவர்கள் ‘ஸ்கேன் மருந்து’, ‘அணு ஊசி’ என்றெல்லாம் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது ஓர் உலோகம், பெயர் டெக்னீசியம். அணு மருத்துவப் பிரிவுகளில் கதிர்மருந்து தயாரிப்பவர்களும் மருத்துவ இயற்பியலாளர்களும் பதில் தருகிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பில் கட்டி எடுத்த பிறகு எலும்பு ஸ்கேனுக்குக் கடிதம் கொடுத்தார்கள். காலை 9 மணிக்கு ஊசி. பினாங்குப் பாலத்தில் நெரிசல். போய்ச் சேர 11.30 ஆகிவிட்டது. வேறு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். மற்ற இடங்களில் காத்திருந்தால் பார்க்கிறார்களே, இங்கு மட்டும் ஏன் இப்படி? — வாசகி, பீடோங்

பதில்: மற்ற மருந்துகள் அலமாரியில் காத்திருக்கும். இது காத்திருக்காது. ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். குளிர்பெட்டியில் வைத்தாலும் ஈயப் பெட்டியில் பூட்டினாலும் அதன் வேகம் குறையாது.

கணக்கைப் பாருங்கள். காலை 7 மணிக்கு 10 மில்லிலிட்டர் கரைசலில் 20,000 மெகாபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். எலும்பு ஸ்கேனுக்குப் பெரியவர் ஒருவருக்கு வழக்கமாக 740 மெகாபெக்கரல் வேண்டும். பழைய அளவில் 20 மில்லிகியூரி. 7 மணிக்கே எடுத்தால் 0.37 மில்லிலிட்டர் போதும். 11 மணிக்கு அதே 740-க்கு 0.59 மில்லிலிட்டர் எடுக்க வேண்டும். பிற்பகல் 3 மணிக்கு 0.93. புட்டியில் இருக்கும் நீர் குறையாமலே மருந்து குறைந்துகொண்டு வருகிறது. அன்றைக்கு வரும் எல்லாருக்கும், யாருக்கு எத்தனை மணிக்கு என்று முதல்நாளே கணக்குப் போட்டுப் பங்கு பிரித்துவிடுவார்கள். உங்கள் அம்மாவுக்கென்று 9 மணிக்கு 740 இருக்கும்படி ஊசிக்குழாயில் எடுத்து வைத்தது 12 மணிக்கு 523 ஆகிவிடும். அதையே போட்டால் காமிராவில் பதிவாகும் கதிர்களின் எண்ணிக்கை குறையும். படம் மங்கலாகி, சிறிய புள்ளி தப்பிப்போகும்.

இன்னொன்று: ஊசி போட்டவுடன் படம் எடுக்க முடியாது. மருந்து எலும்பில் படிந்து, மிச்சம் இரத்தத்திலிருந்து சிறுநீரில் இறங்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். 11.30-க்கு வந்தவருக்கு 2.30-க்கு மேல்தான் காமிரா. அந்த நேரத்தில் காமிரா வேறு ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்.

அடுத்த முறை தாமதம் என்று தெரிந்தவுடனே, பட்டர்வொர்த் தாண்டும் முன்பே, அந்தப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வரிசையை மாற்றி, அளவை மீண்டும் கணக்கிட அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். எலும்பு ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்லை. பசியாறிவிட்டே போகலாம், வழக்கமான மருந்துகளையும் சாப்பிடலாம். ஊசிக்குப் பிறகு ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் (இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும்). அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். காமிராவில் படுக்கும் முன் ஒருமுறை கட்டாயம். நிறைந்த சிறுநீர்ப்பை இடுப்பெலும்பை மறைத்துவிடும். ஒரு சொட்டு உடுப்பில் பட்டாலும் அந்த இடம் எலும்பில் விழுந்த கட்டிபோலப் படத்தில் தெரியும். இப்படி ஏமாற்றிய சொட்டுகள் ஏராளம். மாற்றுடுப்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

கேள்வி: காத்திருந்தபோது அங்கிருந்த தாதி ஒருவர், “இன்றைக்கு இன்னும் பால் கறக்கவில்லை” என்றார். மருத்துவமனையில் என்ன பால்? நான் நாற்பது வருடம் மரம் சீவியவன். எனக்குத் தெரிந்தது ரப்பர் பால்தான். — ஓய்வுபெற்ற தொழிலாளி, பீடோங்

பதில்: உங்களுக்கு விளக்குவது எளிது. மருத்துவமனையில் டெக்னீசியம் எடுக்கும் கருவியை உலகம் முழுக்க ‘பசு’ என்கிறார்கள். ரப்பர் மரம் என்றிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

ஆறு மணி நேரத்தில் பாதியாகும் பொருளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முடியாது. விமானம் இறங்கும் முன் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதனால் அதன் தாயைக் கொண்டுவருகிறார்கள். தாய் மாலிப்டினம்-99, அதுவும் உலோகந்தான். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகும் நேரம், 66 மணி நேரம். அது சிதையச் சிதைய டெக்னீசியம்-99எம் ஊறிக்கொண்டே இருக்கும். மாலிப்டினம் மரம், டெக்னீசியம் பால். அமெரிக்காவின் புருக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 1950-களின் இறுதியில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் உருவாக்கிய முறை இது.

கருவியின் உள்ளே விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய். அதில் அலுமினா என்னும் அலுமினிய ஆக்சைடுத் தூள். சுற்றிலும் கனத்த ஈயக் கவசம். மாலிப்டினம் அங்கே மாலிப்டேட் என்னும் அயனியாக இருக்கும்; அதற்கு இரண்டு எதிர்மின் சுமை. அது அலுமினாவை இறுகப் பற்றிக்கொள்ளும். அதிலிருந்து பிறக்கும் டெக்னீசிய அயனியான பெர்டெக்னடேட்டுக்கு ஒரே ஒரு சுமை. அதன் பிடி தளர்வு. 0.9 விழுக்காட்டு உப்புநீரை மேலிருந்து ஓடவிட்டால் டெக்னீசியம் கழன்று நீரோடு வந்துவிடும், மாலிப்டினம் அங்கேயே நிற்கும். எத்தனை விளக்கம் சொன்னாலும் கருவியின் சூட்சுமம் இந்த ஒன்றுதான்.

கறக்கும் முறை இது. ரப்பர் மூடியைச் சாராயத்தால் துடைத்து, நன்றாகக் காய விட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் சாராயம் உள்ளே போய் வேதிவினையைக் கெடுக்கும். ஓர் ஊசியில் உப்புநீர்ப் புட்டி, மற்ற ஊசியில் காற்று அகற்றிய வெற்றுப் புட்டி, அது ஈயக் கூட்டுக்குள். வெற்றிடம் இழுக்க, உப்புநீர் தூளின் ஊடே ஓடி இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபக்கம் சேரும். நீர் முடிந்த பிறகும் அவசரப்பட்டுப் புட்டியைக் கழற்றக் கூடாது. காற்றும் ஓடி முடிந்து குழாய் காய வேண்டும். ஈரம் தங்கினால் கதிர்வீச்சு அந்த நீரையே உடைத்து, பெர்டெக்னடேட்டின் வடிவத்தை மாற்றிவிடும். மறுநாள் மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) பால் குறைந்ததுபோல் விளைச்சல் குறையும்.

மறுபடி எப்போது நிறையும்? ஏறக்குறைய 23 மணி நேரத்தில் உச்சம். மரம் சீவ விடிகாலை போவதுபோல் இங்கும் நாளுக்கு ஒரு காலைக் கறவை. அவசரத்துக்குப் பிற்பகலில் ஒருமுறை கறக்கலாம். ஆறு மணி நேரத்தில் முழுக் கறவையில் சுமார் 60 விழுக்காடு ஊறியிருக்கும். ஆனால் மரத்துக்கும் இதற்கும் ஒப்புமை இங்கே முறிகிறது. நீங்கள் சீவிய மரம் இருபத்தைந்து வருடம் பால் தரும். இது ஒரு வாரத்தில் 17 விழுக்காட்டுக்கு வந்துவிடும். புதியது வந்தாக வேண்டும்.

கறந்ததை அப்படியே யாருக்கும் போடுவதில்லை. மாலிப்டினம் கழன்று கூட வந்திருக்கிறதா என்று பார்க்க, புட்டியைத் தடித்த ஈயக் குவளையில் இறக்கி அளப்பார்கள். டெக்னீசியத்தின் 140 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கதிரை ஈயம் தடுத்துவிடும். மாலிப்டினத்தின் 740 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கதிர் துளைத்து வெளியே வரும். ஊசி போடும் நேரத்தில் ஒரு மெகாபெக்கரல் டெக்னீசியத்துக்கு 0.15 கிலோபெக்கரலுக்கு மேல் மாலிப்டினம் இருக்கக் கூடாது. டெக்னீசியம் வேகமாகக் குறைய மாலிப்டினம் மெதுவாகக் குறைவதால், இந்த விகிதம் ஏறக்குறைய ஆறரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். காலையில் தேறியது மாலையில் தேறாமல் போகலாம். அலுமினியம் கரைந்திருக்கிறதா என்று சோதனைத் தாளில் ஒரு சொட்டு வைப்பார்கள். நிறம் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மாதிரியைவிடச் சிவந்தால் அந்தக் கறவை வேண்டாம்.

விடுமுறைக்குப் பிந்திய காலைதான் தொல்லை. ஒரு நாள் இடைவெளியில் கறந்தால் வரும் நூறு டெக்னீசிய அணுக்களில் 28 தான் பயன்படும் 99எம். மற்றவை ஏற்கெனவே சக்தி இழந்த 99. மூன்று நாள் கறக்காமல் விட்டால் எட்டுகூடத் தேறாது. வேதியியலில் இரண்டும் ஒன்றே. டெக்னீசியத்தை மருந்தோடு பிணைக்க மருந்துப் புட்டியில் இருக்கும் கொஞ்சம் வெள்ளீயத்துக்கு இரண்டும் அடித்துக்கொள்ளும். ஆகவே நீண்ட விடுமுறை முடிந்து வரும் முதல் கறவையை ஒட்டுப்பால்போல் ஒதுக்கிவிட்டு, அடுத்த கறவையில் வேலை தொடங்குவது நல்ல பழக்கம்.

கேள்வி: அப்பாவின் எலும்பு ஸ்கேன் படத்தில் கழுத்திலும் வயிற்றிலும் வெளிச்சம். “மருந்து சரியாகப் பிடிக்கவில்லை, மறுபடியும் எடுக்க வேண்டும்” என்றார்கள். மருந்து பிடிக்காமல் போவது என்றால் என்ன? — வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: கறந்த பெர்டெக்னடேட்டுக்கு எலும்பு தெரியாது. உடல் அதை அயோடின் என்று நினைத்துத் தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பை மூன்றுக்கும் அனுப்பும். எலும்புக்குப் போக அதை எம்.டி.பி. என்னும் பாஸ்பரஸ் சேர்மத்தோடு கட்ட வேண்டும். அது உலர்ந்த வெள்ளைத் தூளாக, நைட்ரஜன் நிரப்பிய சிறு புட்டியில் வரும். அதே தூளில் மிகக் கொஞ்சம் வெள்ளீய குளோரைடு. வெள்ளீயம்தான் டெக்னீசியத்தைப் பிணைப்புக்குத் தயாராக்கும்.

காற்று வெள்ளீயத்தின் எதிரி. பெர்டெக்னடேட்டைச் செலுத்தும்போது ஊசிக்குழாயில் கிடந்த காற்றுக் குமிழியும் உள்ளே போனால், அல்லது ஒரே புட்டியிலிருந்து பலமுறை எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் காற்று நுழைந்தால், வெள்ளீயம் ஆக்சிஜனுக்கு இரையாகிவிடும். கட்டப்படாத பெர்டெக்னடேட் மிஞ்சும். கழுத்திலும் வயிற்றிலும் நீங்கள் பார்த்த வெளிச்சம் பெரும்பாலும் அதுதான். அலுமினியம் கூடிப்போனால் வேறு கோலம்: மருந்து நுண்துகளாகத் திரண்டு கல்லீரலில் போய் உட்காரும். படத்தைப் பார்த்தே தவறு எங்கே நடந்தது என்று அனுபவசாலி சொல்லிவிடுவார்.

இதைத் தடுப்பது கடினமில்லை. பத்து நிமிட வேலை: தாள் கீற்றின் அடியில் ஒரு சொட்டு வைத்து அசிட்டோனில் நிறுத்தினால் கட்டப்படாதது மேலே ஏறும், கட்டப்பட்டது அடியிலேயே நிற்கும். இரண்டாக வெட்டி அளந்து, 95 விழுக்காட்டுக்கு மேல் பிணைந்திருந்தால்தான் ஊசிக்கு எடுக்க வேண்டும். காலை நெருக்கடியில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் கெட்ட பழக்கம் என்பது எங்கள் கருத்து. அதன் விலையாக ஒரு நோயாளி இரண்டு முறை ஊசி குத்திக்கொள்கிறார்.

கேள்வி: டெக்னீசியம் பூமியில் ஏன் கிடைப்பதில்லை? ‘99எம்’-இல் எம் எதற்கு? — படிவம் 5 மாணவி

பதில்: தனிம அட்டவணையில் அதன் எண் 43. இரு பக்கத்திலும் 42 மாலிப்டினம், 44 ருத்தேனியம். அடுத்தடுத்த இரு தனிமங்கள் ஒரே நிறை எண்ணில் இரண்டுமே நிலையாக இருக்க முடியாது என்பது 1934-இல் இயற்பியலாளர் மாட்டாவ் சொன்ன விதி. 94 முதல் 102 வரை உள்ள நிறை எண்களை இந்த இரண்டு அயலாரும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டார்கள். நடுவிலிருப்பவருக்கு நிலையான ஐசோடோப் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறை வடிவம்) ஒன்றுகூட மிஞ்சவில்லை. நீண்ட ஆயுள் உள்ள 97, 98 இரண்டுக்கும் அரை ஆயுள் 42 லட்சம் ஆண்டு அளவில். பூமியின் வயது 450 கோடி ஆண்டு. பிறந்தபோது இருந்ததெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. யுரேனியத் தாதுவில் மட்டும் இம்மியளவு புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும். 1937-இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் கார்லோ பெரியரும் எமிலியோ செக்ரேயும் இதைக் கண்டுபிடித்ததும் சுரங்கத்தில் இல்லை. அமெரிக்காவின் பெர்க்லியில் சைக்ளோட்ரான் என்னும் துகள்முடுக்கியில் அடிபட்டு வந்த மாலிப்டினத் தகட்டில். ‘செயற்கையானது’ என்னும் கிரேக்கச் சொல்லே பெயராயிற்று.

எம் என்பது ‘மெட்டாஸ்டேபிள்’, அதாவது சற்றே நிலைத்த கிளர்வு நிலை. சாதாரணமாக அணுக்கரு தன் கூடுதல் சக்தியைக் கண்ணிமைக்கும் முன் கொட்டிவிடும். இது மட்டும் ஆறு மணி நேரம் தயங்கி, பிறகு ஒரு காமாக் கதிராகக் கொட்டும். மருத்துவருக்கு வேண்டியது இதுதான்: உடலைத் துளைத்து வெளியே வருமளவு சக்தி, காமிராவின் சோடியம் அயோடைடுப் படிகத்தில் நின்றுவிடுமளவு தணிவு, திசுவைச் சுடும் பீட்டாத் துகள் ஏறக்குறைய இல்லை.

கணக்கில் ஆர்வமிருந்தால் இதைச் செய்து பார்: 740 மெகாபெக்கரல் டெக்னீசியம்-99எம் எத்தனை கிராம்? அணுக்களின் எண்ணிக்கை சுமார் 2.3 × 10¹³. எடை 4 நானோகிராம்கூட இல்லை. அது மாறி ஆகும் டெக்னீசியம்-99-க்கு அரை ஆயுள் 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டு; கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் இந்த அணுக்களெல்லாம் சேர்ந்து தரும் கதிரியக்கம் 2 அல்லது 3 பெக்கரல். உன் உடம்பில் இயற்கையாக இருக்கும் பொட்டாசியம்-40 ஆயிரக்கணக்கில் தருகிறது.

கேள்வி: ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். நான் நான்கு மாதக் கர்ப்பிணி. மூத்தவனுக்கு இரண்டு வயது. புக்கிட் மேரா கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பயப்படலாமா? — வாசகி, பீடோங்

பதில்: பேராக்கின் புக்கிட் மேராவில் 1980-களில் அச்சத்தைக் கிளப்பியது அரிய மண் ஆலையின் தோரியக் கழிவு. தோரியம்-232-இன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. அது மண்ணோடு கிடக்கும். உங்கள் மாமியார் உடலில் இருப்பது மறுநாள் இதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதற்கு மறுநாள் 256-இல் ஒரு பங்கு. இதுவும் சிறுநீரில் போவதைச் சேர்க்காத கணக்கு. எலும்பில் படியாத பாதி சிறுநீரிலேயே வெளியேறிவிடும். நோயாளிக்கே கிடைக்கும் கதிர் அளவு சுமார் 4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிரை அளக்கும் அலகு); உலக சராசரியில் ஒருவர் ஓராண்டில் இயற்கையிலிருந்து பெறுவது 2.4.

அன்று ஒரு நாள் மட்டும் நீங்கள் பக்கத்தில் படுத்துறங்க வேண்டாம். பையனை அவர் மடியில் நெடுநேரம் வைக்க வேண்டாம். தூரம் இரு மடங்கானால் கதிர் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகும்; ஒரே கூடத்தில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பேசுவதில் தவறில்லை. அவர் சமைத்ததைச் சாப்பிடலாம். கழிவறையில் இரண்டு முறை நீர் ஊற்றி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். படுக்கையில் இருப்பவருக்கு டயாப்பர் மாற்றுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். அன்று அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

பால் கொடுக்கும் தாய்க்கே ஸ்கேன் என்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்பது எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. முன்கூட்டியே பால் எடுத்து வைத்துக்கொண்டு போனால் குழந்தை அழாது.

கேள்வி: படத்தில் இரண்டு முழங்காலும் ஒரு தோளும் கறுப்பாகத் தெரிகின்றன. புற்று பரவிவிட்டதா? — செம்பனைத் தோட்ட வாசகர்

பதில்: இந்த மருந்துக்குப் புற்று எது, தேய்மானம் எது என்று தெரியாது. எலும்பு எங்கே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதோ அங்கே படியும். வருடக்கணக்கில் செம்பனைக் குலை தூக்கியவரின் முழங்கால், தோள், கீழ்முதுகு மூன்றும் அனேகமாகத் தெரியும். பழைய முறிவும் தெரியும். போன மாதம் குளியலறையில் விழுந்ததும் தெரியும். அதனால்தான் படுக்கும் முன் விழுந்ததுண்டா, பல் பிடுங்கியதுண்டா என்று கேட்கிறார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். இரு பக்கமும் மூட்டைச் சுற்றி ஒரே மாதிரி இருப்பது பெரும்பாலும் தேய்மானம். விலாவிலும் முதுகெலும்பிலும் முறையில்லாமல் சிதறிய புள்ளிகள்தான் கவலை. உறுதி சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். தேவையானால் அந்த இடத்தை எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுப்பார். மறுபக்கமும் உண்டு: மயலோமா என்னும் எலும்புமச்சைப் புற்று புது எலும்பை உண்டாக்காததால் இந்தப் படத்தில் பலமுறை தப்பிவிடும்.

கேள்வி: இதய ஸ்கேனுக்கு முதல்நாளிலிருந்து மைலோகூடக் கூடாது என்கிறார்களே? — வாசகர், பாடாங் செராய்

பதில்: ஓட முடியாதவருக்கு இதயக் குழாயை விரிக்க அடினோசின் அல்லது டைப்பிரிடமோல் கொடுப்பார்கள். தேநீர், கோப்பி, (மைலோவில் இருக்கும்) கொக்கோ மூன்றிலும் உள்ள பொருள்கள் அந்த மருந்து உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும்; குழாய் விரியாது, அடைப்பு உள்ளவருக்கும் படம் நல்லபடி வந்துவிடும். பொய்யான நல்ல செய்தி ஆபத்து. ‘காஃபின் நீக்கிய’ கோப்பியும் வேண்டாம். சில தலைவலி மாத்திரைகளிலும் காஃபின் உண்டு. ஒரு தே தாரே குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: “விமானம் வரவில்லை” என்று ஸ்கேனை ஒரு வாரம் தள்ளினார்கள். நம் நாட்டிலேயே செய்ய முடியாதா? — வாசகர், பீடோங்

பதில்: மாலிப்டினம்-99 பெரும்பாலும் அணு உலையில் யுரேனியம்-235 பிளவுபடும்போது கிடைப்பது. நெதர்லாந்தின் பெட்டன், பெல்ஜியத்தின் பி.ஆர்.-2, தென்னாப்பிரிக்காவின் சஃபாரி-1, ஆஸ்திரேலியாவின் ஓப்பல் போன்ற சில உலைகளே உலகத்துக்குப் படியளக்கின்றன. பாங்கியில் 1982 முதல் உள்ள நம் உலை 1 மெகாவாட் ஆய்வு உலை. ஓப்பல் 20 மெகாவாட், பெட்டன் 45; அவற்றின் முன் நம்முடையது மிகச் சிறியது. 66 மணி நேர அரை ஆயுளில் ஒரு நாள் தாமதம் என்றால் 22 விழுக்காடு இழப்பு. சேமித்து வைக்க வழியே இல்லை. 2009 மே மாதம் கனடாவின் சால்க் ரிவர் உலை கனநீர்க் கசிவால் நின்று, 2010-இல் பெட்டனும் பழுதுபார்ப்புக்கு மூடியபோது உலகம் முழுக்க மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. எனவே ஊசிக்கு முதல்நாள் மாலை ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

கேள்வி: இதே மருந்து நோயைக் குணப்படுத்துமா? — வாசகி, கூலிம்

பதில்: குணப்படுத்தாது; காட்டிக்கொடுப்பதோடு இதன் வேலை முடிந்தது. சுட்டழிக்கப் பீட்டாத் துகள் வீசும் உலோகங்கள் வேண்டும்: புரோஸ்டேட் புற்றுக்கும் நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கும் லுட்டீசியம்-177, கல்லீரல் கட்டிக்கு இட்ரியம்-90. டெக்னீசியத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் ரீனியத்தின் 188-ஐயும் இதேபோல் டங்ஸ்டன்-188 ‘பசு’விலிருந்து கறக்கலாம்.

கேள்வி: திங்களன்று ஸ்கேன், புதனன்று பினாங்கிலிருந்து சென்னைக்குப் பயணம். விமான நிலையத்தில் மணி அடிக்குமா? — வாசகர், பீடோங்

பதில்: அடிக்கக்கூடும். கதிரியக்கக் கடத்தலைப் பிடிக்க வைத்திருக்கும் கருவிகள் மிகக் கூர்மையானவை. உடலுக்குப் பொருட்டில்லாத அளவையும் இரண்டு மூன்று நாள் வரை கண்டுகொள்ளும். ஊசி போட்ட இடத்திலேயே மருந்தின் பெயர், அளவு, தேதி, நேரம், அந்தப் பிரிவின் தொலைபேசி எண் எழுதிய கடிதம் கேட்டு வாங்கிக் கடப்பிதழோடு வையுங்கள்.